படபடப்புக்கு ஊசி போடும்போது ஓடும் தாளை நோயாளியிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய நோய் என்றால் மாரடைப்பு, கொழுப்பு, ஸ்டென்ட் என்ற அளவிலேயே நம் பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. இரத்தக் குழாயில் எந்த அடைப்பும் இல்லாத, இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளைகளின் நெஞ்சு திடீரென்று நிமிடத்துக்கு இருநூறு முறை அடிக்கத் தொடங்கி, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தொடங்கியது போலவே சட்டென்று நின்றுவிடும் ஒரு கோளாறு உண்டு. அந்தக் கோளாறைப் பற்றியும், அதைக் கண்டறிவதற்குக் கையில் கிடைத்தும் குப்பைக் கூடைக்குப் போய்விடும் இ.சி.ஜி. தாள் என்ற ஒரு காகிதத் துண்டைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் என் தங்கை மகனுக்காக ஒன்பது ஆண்டுகள் மருத்துவமனைகளின் திண்ணைகளில் காத்திருந்தபோது கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

அவனுக்குப் பதினைந்து வயதில் அது முதன்முறை வந்தது. பள்ளி மைதானத்திலிருந்து வீட்டுக்கு வந்து, “மாமா, நெஞ்சுக்குள்ள மீன் கெடந்து துள்ளுது” என்றான். அவன் தாய் அதை வாயு என்று எண்ணிச் சுக்கு வெந்நீர் கொடுத்தாள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு சீராகிவிட்டது; தேர்வு பயமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். பதினெட்டு வயதில் மீண்டும் வந்தபோது துடிப்பு நிற்கவில்லை. ஒரு ஊசி போட்டார்கள். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தது போல் சில நொடிகள் இருந்ததாகவும், உயிரே போய்விடும் என்று தோன்றியதாகவும், பிறகு எல்லாம் அடங்கிவிட்டதாகவும் அவன் சொன்னான். கையில் கொடுத்த சீட்டில் “படபடப்பு, சரியாயிற்று” என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. எந்த மருந்து, எவ்வளவு, அதற்கு முன்னும் பின்னும் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்பது எதுவும் இல்லை. அடுத்த நான்கு ஆண்டுகளில் இன்னும் மூன்று முறை இதே போல் நடந்தது. மூன்று முறையும் உயிரைக் காத்தார்கள், அதற்கு நன்றி உண்டு. ஆனால் மூன்று முறையும் தாள் கிடைக்கவில்லை. அந்த மருத்துவமனைகளின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. குறை ஓர் இடத்தினுடையதாக மட்டும் இருந்திருந்தால் இக்கடிதத்தை எழுதியிருக்கவும் மாட்டேன்.

ஐந்தாவது முறை ஊசி போட்டபோது, இரவுப் பணியிலிருந்த ஒரு செவிலியர், ஊசி ஏற்றும்போது ஓடிக்கொண்டிருந்த இ.சி.ஜி. தாளைக் கிழித்து மடித்து என் கையில் தந்து, “இதைப் பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க சார்” என்றார். ஏறத்தாழ ஒரு முழ நீளத் தாள். திருவனந்தபுரத்தில் அதைக் கையில் வாங்கிய மருத்துவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியாதிருந்ததை அந்த ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அவர் அத்தாளில் கண்டது என்ன என்பதை விளக்க வேண்டும். இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணுவில் தோன்றும் மின்தூண்டல், இரு மேலறைகளிலும் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏ.வி. கணு என்ற வாசலை அடைகிறது. ஜப்பானிய ஆய்வாளர் சுனாவோ தவாரா 1906-ஆம் ஆண்டு விவரித்த கணு அது. மேலறையையும் கீழறையையும் பிரித்து நிற்கும் நார்வளையம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், இயல்பான இதயத்தில் இந்த வாசல் ஒன்றைத் தவிர வேறு வழி கிடையாது. வாசலில் தூண்டல் சற்றே தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில்தான் மேலறை சுருங்கிக் கீழறையை இரத்தத்தால் நிரப்புகிறது. இ.சி.ஜி. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு சிறு கட்டம் 0.04 நொடி. மேலறை அலையின் தொடக்கத்திலிருந்து கீழறை அலையின் தொடக்கம் வரை 0.12 முதல் 0.20 நொடி, அதாவது மூன்று முதல் ஐந்து சிறு கட்டங்கள் இருக்க வேண்டும். இந்த அளவை, வரைபடத் தாளில் அலைகளை வரைந்து பழகிய பத்தாம் வகுப்பு மாணவனாலும் எண்ணிவிட முடியும்.

சிலருக்கு, கருவில் இதயம் உருவாகும்போது முழுவதும் மறைந்துபோயிருக்க வேண்டிய மெல்லிய தசை இழை ஒன்று நார்வளையத்தைக் கடந்து நின்றுவிடுகிறது. அதுவே இரண்டாவது வழி. இங்கு காவலும் இல்லை, தாமதமும் இல்லை. தூண்டல் இவ்வழியே முந்திச் சென்று கீழறையின் ஒரு பகுதியை முன்கூட்டியே எழுப்பிவிடுவதால், தாளில் இடைவெளி மூன்று கட்டத்துக்கும் குறைகிறது. கீழறை அலையின் ஏறுமுகம் செங்குத்தாக எழாமல் சரிவாகத் தொடங்குகிறது. அந்தச் சரிவுக்கு டெல்டா அலை என்று பெயர். லூயி உல்ஃப், ஜான் பார்க்கின்சன், பால் டட்லி வைட் ஆகிய மூவர் 1930-இல், உடல்நலத்துடன் இருந்து அவ்வப்போது படபடப்புக்கு ஆளான பதினொரு பேரின் தாள்களை ஒன்றாக வைத்து இதை விவரித்தார்கள். ஆகவே அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் இது டபிள்யூ.பி.டபிள்யூ. என்று அழைக்கப்படுகிறது. ஆயிரம் பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இத்தகைய தாள் உடையவர்கள் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் வருவதில்லை. படபடப்பு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் நடப்பது, தூண்டல் ஏ.வி. கணு வழியே கீழே இறங்கி இரண்டாவது வழியே மேலே ஏறி, ஒரு வட்டத்தில் ஓயாமல் சுற்றுவதுதான். என் மருமகனின் நெஞ்சில் துள்ளிய மீன் அந்த வட்டம்.

இனி மருந்துக்கு வருகிறேன். இக்கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுவே. அவனுக்குப் போடப்பட்ட ஊசி அடினோசின். முதலில் 6 மில்லிகிராம், நிற்காவிட்டால் 12 மில்லிகிராம் என்று நரம்பில் மிக வேகமாக ஏற்றி, உடனே உப்புநீரையும் செலுத்துவார்கள். இரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், பத்து நொடிக்கும் குறைவு என்பதால், இதயத்தைச் சென்றடைந்து வேலையைச் செய்துவிட்டு உடனே மறைந்துவிடும். ஏ.வி. கணுவைச் சில நொடிகள் அது அடைத்துவிடும். அதனால் வட்டம் அறுபடும். இவ்வளவுதான் என்றால் அது சிகிச்சை மட்டுமே. ஆனால் அதே சில நொடிகளில் இதயம் ஒரு கேள்விக்கு விடை அளிக்கிறது. துடிப்பு நிற்கும் கணத்தில் ஒரு மேலறை அலை தோன்றி, அதன் பின் கீழறை அலை வராமல் போனால், ஏ.வி. கணு அந்த வட்டத்தின் ஓர் அங்கம் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். துடிப்பு நிற்காமல், கீழறை மட்டும் சற்று ஓய, மேலறையின் அலைகள் ரம்பப் பற்கள் போல் வெளிப்பட்டால், நோய் வேறு. மேலறையிலேயே சுழலும் ஃபிளட்டர் அது. துடிப்பு நின்று இயல்பு திரும்பும் முதல் சில துடிப்புகளில், கணு இன்னும் மயங்கியிருக்கும்போதே டெல்டா அலை பளிச்சென்று தெரிந்தால், இரண்டாவது வழி ஒளிந்திருந்த இடத்திலிருந்து பிடிபட்டுவிட்டது. என் மருமகனின் தாளில் இருந்தது இதுவே. ஓய்வு நேரத்து இ.சி.ஜி.யில் அவனுக்கு அந்தச் சரிவு ஐயத்துக்கு இடமாக மிக மெலிதாகவே தெரிந்தது. அடினோசின் ஏறிய அந்த ஐந்தாறு துடிப்புகளில் பள்ளிப் பிள்ளையும் காட்டக்கூடிய அளவுக்குத் தெரிந்தது.

ஆக, ஊசி போடும்போது தாளை ஓடவிடாமல் இருப்பதும், ஓடிய தாளை எறிந்துவிடுவதும், ஒரு சோதனையைச் செய்து முடித்து அதன் முடிவைப் படிக்காமல் விடுவதற்குச் சமம். இந்தச் சோதனைக்குத் தனிச் செலவு இல்லை. ஏற்கனவே போட்ட ஊசி, ஏற்கனவே இருக்கும் கருவி, சில அடித் தாள் ஆகியவை போதும். இத்துடன், நோயாளியும் உடன் வந்தவரும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு உண்டு. ஆஸ்துமா இருந்தால் அடினோசின் மூச்சுத் திணறலை உண்டாக்கக்கூடும். அண்மையில் காப்பியோ தேநீரோ குடித்திருந்தால் மருந்தின் வேகம் குறையக்கூடும், ஏனெனில் அவற்றிலுள்ள கஃபீன் அடினோசின் போய் அமர வேண்டிய இடத்தை முன்பே பிடித்துக்கொள்கிறது. கட்டன் சாயா இல்லாமல் விடியாத நம் கடலோரத்தில் இரண்டாவது செய்தி சிறியதன்று.

தாள் ஏன் ஊசிக்கு முன்பும் வேண்டும் என்பதற்கு இன்னும் கடுமையான காரணம் உள்ளது. இரண்டாவது வழி உள்ள சிலருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வரக்கூடும். மேலறைகள் ஒழுங்கின்றி நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு முறைக்கு மேல் அதிரும் நிலை அது. இயல்பான இதயத்தில் ஏ.வி. கணு அவற்றில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். காவலற்ற வழி வேகமாகக் கடத்தக்கூடியதாக இருந்தால் அத்தனையும் கீழறைக்கு இறங்கும். கீழறையும் தாறுமாறாக அதிர்ந்து நின்றுபோகலாம். இந்த நிலையில் தாளில் தெரிவது ஒழுங்கற்ற, அகன்ற, மிக வேகமான துடிப்புகள். அப்போது படபடப்புக்கு வழக்கமாகத் தரப்படும் வெராபமில், டிகாக்சின், அடினோசின் ஆகியவை கணுவை மட்டும் அடைத்து, தூண்டல்கள் அனைத்தையும் அந்தக் காவலற்ற வழியே தள்ளிவிடக்கூடும். டிகாக்சின் சிலருக்கு அந்த வழியின் ஓய்வு நேரத்தையே, அதாவது ஒரு தூண்டலைக் கடத்தியபின் அடுத்ததைக் கடத்த அதற்குத் தேவைப்படும் இடைவெளியையே, சுருக்கி அதை இன்னும் வேகமாக்கும் என்பதும் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டது. சரியான மருந்து புரோகைனமைடு போன்றது; இரத்த அழுத்தம் சரிந்தால் மருந்துக்குக் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். ஒரே நோயாளிக்கு ஒரு நாள் உயிர் காத்த மருந்து இன்னொரு நாள் உயிரெடுக்கக்கூடும் என்றால், அன்றைக்கு எந்த நாள் என்பதைக் காட்டக்கூடியது ஊசிக்கு முன் எடுத்த, இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் காட்டும் பன்னிரண்டு லீட் தாள் ஒன்றே.

அடுத்து எங்களை அலைக்கழித்த கேள்வி, அவனுடைய இரண்டாவது வழி எவ்வளவு ஆபத்தானது என்பதாகும். இதற்கும் மருந்தைக் கொண்டே விடை காண ஒரு காலத்தில் முயன்றார்கள். ஆம்ஸ்டர்டாமில் டுரர் என்பவருடன் பணியாற்றிப் புகழ்பெற்ற ஹைன் வெலன்ஸ் என்ற மருத்துவர், அஜ்மலின் அல்லது புரோகைனமைடை நரம்பில் ஏற்றியதும் டெல்டா அலை மறைந்துவிடுமானால் அந்த வழி வலுவற்றது, அதன் ஓய்வு நேரம் நீண்டது, ஆகவே ஆபத்து குறைவு என்று காட்டினார். அந்த அஜ்மலின் நம் நாட்டுச் சர்ப்பகந்தாச் செடியின் வேரிலிருந்து சலீமுஸ்ஸமான் சித்திக்கி 1931-இல் பிரித்தெடுத்து, தம்மை ஆதரித்த டெல்லி யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல்கான் நினைவாகப் பெயரிட்டது என்பதைப் படித்தபோது, ஆசிரியனாக இருந்த காலத்தில் இதை வகுப்பில் சொல்ல முடியாமல் போனதே என்று வருந்தினேன். ஆனால் இந்தச் சோதனையின் வரம்பையும் சொல்ல வேண்டும். படுக்கையில் அமைதியாகக் கிடப்பவனுக்கு மறைந்த டெல்டா அலை, அச்சத்திலும் உழைப்பிலும் அட்ரினலின் சுரக்கும்போது திரும்பிவிடலாம். மருந்து கட்டிய தடையை அட்ரினலின் தளர்த்திவிடுகிறது. இரவு இரண்டு மணிக்கு வலை இழுப்பவனின் இதயம் படுக்கையில் கிடப்பவனின் இதயமன்று. ஆகவே மருந்துச் சோதனையின் நல்ல முடிவை மட்டும் நம்பி ஒருவரை அனுப்பிவிடுவது இன்று சரியான வழக்கமாகக் கொள்ளப்படுவதில்லை. டிரெட்மில்லில் ஓடும்போது, துடிப்பு ஏறிய ஒரு கணத்தில் டெல்டா அலை படிப்படியாக அல்லாமல் சட்டென்று, முழுவதுமாக மறைந்தால் அதை நம்பிக்கையான அறிகுறியாகக் கொள்கிறார்கள். என் மருமகனுக்கு அது மறையவில்லை.

அதனால் இ.பி. ஸ்டடி எனப்படும் இதய மின்னியல் ஆய்வுக்குத் தேதி குறித்தார்கள். இதைப் பற்றி நம் மக்களிடம் உள்ள அச்சத்தைப் போக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன் அவன் சாப்பிட்டுவந்த மாத்திரை நிறுத்தப்பட்டது. ஒரு மருந்தின் அரை ஆயுளைப் போல் ஐந்து மடங்கு காலம் கழிந்தால்தான் அது உடலிலிருந்து பெரும்பாலும் நீங்கியதாகக் கொள்ள முடியும். மருந்து மிச்சமிருந்தால் வழியின் உண்மையான வேகம் தெரியாது. என் தங்கையோ மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து என்று அஞ்சி, அவனுக்குத் தெரியாமல் காலையில் காப்பியுடன் கொடுத்துவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குக் கதிரியக்கத்தின் அரை ஆயுளைக் கரும்பலகையில் விளக்கியது போல் தரையில் கோடு போட்டு விளக்கினேன். இப்படிக் கேட்காமலேயே கொடுத்துவிடும் தாய்மார்கள் எத்தனை பேரோ என்று நினைத்துப் பார்க்கிறேன். மருத்துவமனைகள் மாத்திரையை நிறுத்தச் சொல்வதோடு நில்லாமல், ஏன் நிறுத்த வேண்டும் என்பதையும் இரண்டு வரியில் தமிழில் எழுதித் தர வேண்டும்.

ஆய்வன்று தொடைக்கு மேல் கவட்டைப் பகுதியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாகக் கதீட்டர் எனப்படும் மெல்லிய குழல்களை இதயத்துக்குள் செலுத்தினார்கள். மார்பைத் திறப்பதில்லை. ஒவ்வொரு கதீட்டரின் நுனியிலும் மின்முனைகள் இருக்கும். ஒன்று மேலறையிலும், ஒன்று ஏ.வி. கணுவுக்கு அடுத்த ஹிஸ் கற்றையிலும், ஒன்று கீழறையிலும், ஒன்று மேலறை கீழறை எல்லையை ஒட்டிச் செல்லும் இதயச் சிரையிலும் நின்று, எந்த இடம் எப்போது எழுகிறது என்பதை மில்லிநொடிக் கணக்கில் சொல்லும். பிறகு மிகச் சிறு மின்தூண்டல்களை, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே செலுத்தி, எந்த இடைவெளியில் இரண்டாவது வழி கடத்தாமல் நின்றுபோகிறது என்று பார்ப்பார்கள். இம்முறை 1967-ஆம் ஆண்டு வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் டுரரும் பாரிசில் கூமெலும் தனித்தனியே தொடங்கி வைத்தது. உழைப்பின்போது உள்ள நிலையை உண்டாக்க, ஐசோபிரினலின் என்ற மருந்தையும் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனின்போது இரண்டாவது வழியே இறங்கும் அடுத்தடுத்த இரு துடிப்புகளுக்கு இடையே 250 மில்லிநொடியோ அதற்கும் குறைவோ இருந்தால் ஆபத்து மிகுதி என்பது 1979-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து இன்றுவரை நிற்கும் அளவுகோல். அவனுக்கு வந்த அளவு 230. அந்த எண்ணை மருத்துவர் சொன்னபோது என் தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, நிமிடத்துக்கு 260 துடிப்பு. அவன் அதுவரை எட்டு ஆழ்கடல் தங்கல்களில், கரையிலிருந்து பல நாள் தொலைவில் இருந்திருக்கிறான்.

மாத்திரையில் காலம் தள்ளலாமா என்று நாங்கள் கேட்காமல் இல்லை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஃபிளெகெய்னைடு போன்ற மருந்துகள் இரண்டாவது வழியின் கடத்தலைக் குறைக்கும்; ஆயினும் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும், இதயத் தசையில் வேறு குறை இருக்கிறதா என்று எக்கோ எடுத்துப் பார்த்த பிறகே தர வேண்டும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதே வகை மருந்தைக் கொடுத்து நடந்த காஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வில், தாளில் தெரிந்த தப்புத் துடிப்புகள் குறைந்தும், மருந்து உண்டவர்களிடையே இறப்பு கூடியதால் 1989-இல் அப்பகுதியை இடையிலேயே நிறுத்த நேர்ந்தது. தாள் அழகாவது மட்டும் போதாது என்று உலகமே அன்று கற்றது. அமியோடரோன் என்ற இன்னொரு மருந்து உடலில் வாரக்கணக்கில் தங்கி, தைராய்டைப் பாதிக்கக்கூடியது. வெயில் பட்டால் தோல் கருகிச் சிவக்கவும் வைக்கும். நிழலில்லாத விசைப்படகின் தளத்தில் நாள் முழுதும் நிற்பவனுக்கு அதைக் கொடுத்து என்ன செய்வது? அங்கே கடலில் மாத்திரை நனைந்தோ தீர்ந்தோ போனால் மருந்துக் கடை எது?

எனவே அதே மேசையில், அதே கதீட்டர் வழியில், அந்த இழையைக் கண்டுபிடித்து ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் சுட்டுச் செயலிழக்கச் செய்தார்கள். அப்லேஷன் என்று சொல்லப்படும் இச்சிகிச்சை 1980-களின் இறுதியில் தொடங்கி, 1991-இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளுக்குப் பின் உலகெங்கும் வழக்கத்துக்கு வந்தது. வழி ஏ.வி. கணுவுக்கு மிக அருகில் இருந்தால் கணுவும் சுடப்படும் அபாயம் உண்டு என்பதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. அவனுக்கு இடப்பக்கம், தொலைவில் இருந்தது. மின்சாரம் பாய்ந்த சில நொடிகளில் திரையில் டெல்டா அலை மறைந்தது. சிறிது நேரம் காத்திருந்து, அடினோசினைத் திரும்பவும் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவரை சிகிச்சையாக மட்டுமே அவன் அறிந்திருந்த அதே ஊசி, அன்று சோதனையாகவே போடப்பட்டது. கணு அடைபட்டபோது கீழறைக்கு எந்த அலையும் இறங்கவில்லை. இரண்டாவது வழி மூடப்பட்டதற்கு அதுவே சான்று. மறுநாள் வீட்டுக்கு வந்தான். இரண்டு ஆண்டுகளாகப் படபடப்பு இல்லை.

இந்த வரலாற்றில் கடற்கரைக்காரனாக என்னை நெகிழ வைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வழியை மார்பைத் திறந்து அறுத்து வெற்றி கண்ட முதல் அறுவை, 1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி என்ற அறுவை மருத்துவரால் செய்யப்பட்டது. மேசையில் கிடந்தவர் வட கரோலினாக் கடற்கரையைச் சேர்ந்த முப்பத்திரண்டு வயது மீனவர்.

ஆசிரியர் அவர்கள் வழியாக நம் மாவட்ட மருத்துவத் துறையிடம் நான் வேண்டுவது இதுதான். நீரோடி முதல் கன்னியாகுமரி வரை உள்ள கடலோர ஊர்களிலும், குலசேகரம், பேச்சிப்பாறை, அருமனை போன்ற ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலும், படபடப்பு என்று வரும் எவருக்கும் அவர் இரத்த அழுத்தம் தாங்கும் நிலையில் இருந்தால், ஊசிக்கு முன் பன்னிரண்டு லீட் இ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும். ஊசி ஏறும்போது தாள் ஓட வேண்டும். துடிப்பு இயல்பான பின் மீண்டும் ஒன்று எடுக்கப்பட வேண்டும். மருந்தின் பெயர், அளவு, நேரம் ஆகியவற்றைத் தாளின் மேலேயே எழுதி, நோயாளியின் கையில் தர வேண்டும். இதற்குப் புதுக் கருவியோ புது ஆணையோ தேவையில்லை. இரவுப் பணியில் தனித்து நிற்கும் செவிலியருக்கும் இளம் மருத்துவருக்கும் இது எதற்காக என்று ஒரு மணி நேரம் சொல்லித்தர ஆள் வேண்டும், அவ்வளவே. அந்த நேரத்தில் அவர்கள் எத்தனை பேரை ஒருசேரக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்பதை நேரில் கண்டவன் நான். எனவே இதைக் குற்றச்சாட்டாக எண்ணாமல் அவர்கள் வேலையை எளிதாக்கும் யோசனையாக ஏற்க வேண்டுகிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், இதய மின்னியலில் பயிற்சி பெற்றவர் இத்தகைய தாள்களைக் குறிப்பிட்ட நாளில் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு நிலையாக இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும். யாருக்கு இ.பி. ஸ்டடி உடனே வேண்டும், யார் காத்திருக்கலாம் என்பதை அங்கேயே பிரித்துவிட்டால், ஒரு நாள் கூலியை இழந்து எல்லை தாண்டியோ மதுரைக்கோ போகும் அலைச்சல் பாதியாகக் குறையும்.

மீன்வளத் துறைக்கும் விசைப்படகு உரிமையாளர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆழ்கடலில் ஒருவருக்கு இத்தகைய படபடப்பு வந்தால் கரை சேர நாட்கள் ஆகும். மூச்சை அடக்கி முக்கும் வால்சால்வா முறையின் திருத்திய வடிவம் ஒன்று, 2015-இல் இங்கிலாந்தில் நடந்த ரிவெர்ட் ஆய்வில், பழைய முறையில் 17 விழுக்காட்டினருக்கு மட்டும் நின்ற துடிப்பை 43 விழுக்காட்டினருக்கு நிறுத்தியது. சாய்ந்து உட்கார்ந்து பதினைந்து நொடி பலமாக ஊதி முக்கியவுடன், மல்லாக்கப் படுக்க வைத்து இரு கால்களையும் பதினைந்து நொடி உயர்த்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து மில்லிலிட்டர் ஊசிக் குழலின் தண்டு நகரும் அளவுக்கு ஊதினால் போதிய அழுத்தம் வரும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் இதில் நேரத்தைக் கழிக்காமல் கரைக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். உயிர்க்காப்பு மிதவை அணியக் கற்பிக்கும் அதே வகுப்பில் இதையும் கற்பிக்கலாம்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது, நான் தாமதமாகக் கற்ற ஒரு சிறு செய்தி. இ.சி.ஜி. தாள் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்துப் பதியும் வகையைச் சேர்ந்தது. நம் கடலோர வெக்கையிலும் ஈரத்திலும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாலும்கூட, சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். அந்தச் செவிலியர் தந்த தாளில் இன்று அலைகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் முன்பே தூத்தூரில் ஒரு கடையில் நகல் எடுத்துக்கொண்டதால் தப்பித்தோம். தாள் கையில் கிடைத்த அன்றே நகல் எடுத்து, கைப்பேசியிலும் படமெடுத்து, பிள்ளையின் பெயர், தேதி, போட்ட மருந்து ஆகியவை படத்தில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். என் மருமகன் இப்போது படகில் ஏறும்போது அந்த நகலை ஆதார் அட்டையோடு சேர்த்து எடுத்துச் செல்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கிள்ளியூர் வட்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.